'தாடி இருந்தால் நல்லது': அமெரிக்கத் தயாரிப்பாளர்களுக்கும் காஸ்டிங் இயக்குநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தொலைக்காட்சி, திரைப்படத் தயாரிப்பாளர்கள், ஷோரன்னர்கள் (தொடரை நடத்தும் தலைமை எழுத்தாளர்கள்), காஸ்டிங் இயக்குநர்கள் (நடிகர்களைத் தேர்வு செய்கிறவர்கள்) கவனத்துக்கு,

"ஆண், 25 முதல் 40 வயது, மத்தியக் கிழக்குத் தோற்றம், எந்த நாட்டவரானாலும் சரி. அழுத்தமான உச்சரிப்பு. தாடி இருந்தால் நல்லது. ஒரு நாள் வேலை."

உங்கள் அலுவலகங்களிலிருந்து ஏஜென்டுகளுக்குப் போகும் ஆடிஷன் அறிவிப்புகளின் சாரம் இன்னும் இதுதான். பாத்திரத்துக்குப் பெயர் கிடையாது, எண் உண்டு. எந்த ஊர்க்காரர், வீட்டில் என்ன மொழி பேசுவார், பிழைப்புக்கு என்ன செய்கிறார் என்று ஒரு வரிகூட இருக்காது. இதை வைத்துக்கொண்டு ஒரு நடிகர் வசனம் பாடம் செய்து, வீட்டுச் சுவர் முன்னால் விளக்கு வைத்து, எதிர்வசனம் படிக்க ஓர் ஆளைப் பிடித்து, தன்னைத் தானே படமெடுத்து அனுப்ப வேண்டும். குறைந்தது 48 மணி நேரமாவது அவகாசம் தரவேண்டும் என்று 2023 நடிகர் சங்க ஒப்பந்தம் சொல்கிறது. அந்த 48 மணி நேரத்தில் பாதி, 'இந்த ஆள் யார்' என்று ஊகிப்பதிலேயே கழிகிறது. எழுதியவருக்கே அது தெரியாது என்பதால் ஊகமும் தப்பாகத்தான் போகும்.

2021-இல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அன்னன்பெர்க் ஆய்வுக் குழு, 2017 முதல் 2019 வரை அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் வெளியான 200 பிரபலமான படங்களை எடுத்து எண்ணியது. வசனம் பேசும் பாத்திரங்கள் 8,965. அவர்களில் முஸ்லிம்கள் 1.6 சதவீதம். 181 படங்களில் ஒருவர்கூட இல்லை. அடுத்த ஆண்டு தொலைக்காட்சித் தொடர்களை எண்ணினார்கள். அங்கே 1.1 சதவீதம். 2020-க்குப் பிறகு ஸ்டுடியோக்கள் போட்டி போட்டுக்கொண்டு பன்முகத்தன்மை பேசின, அதற்கென்று அதிகாரிகளை அமர்த்தின. 2023 கோடையில் சில வாரங்களுக்குள் அந்த அதிகாரிகளில் முக்கியமான பலர் பதவியை விட்டுப் போனார்கள். அதன்பின் பல இடங்களில் திட்டங்கள் சுருங்கின, பெயர் மாறின. மேலே எழுதிய அந்த நாலு வரி அறிவிப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. இதை இனியும் பேசாமல் கடந்துபோக எங்களால் முடியவில்லை.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. ஒரு பாத்திரம் ஆங்கிலம் அல்லாத எதையாவது பேசினால், திரையின் அடியில் 'வேற்று மொழியில் பேசுகிறார்' என்று எழுத்துப் போட்டு முடித்துவிடுகிறீர்கள். அது உருதுவா, பாரசீகமா, சோமாலியா, வங்காளமா என்ற கேள்வியே எழுவதில்லை. உலக முஸ்லிம்களில் அரபு மொழிக்காரர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். தகப்பனை வாப்பா என்றும் அத்தா என்றும் கூப்பிடுகிற தமிழ் முஸ்லிம்கள் உண்டு. அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை உங்கள் ஆடிஷனுக்கு வந்தாலும் அவரிடம் கேட்கப்படுவது அரபுதான். அமெரிக்காவுக்குள்ளேயே, 2017-இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கில், வயது வந்த முஸ்லிம்களில் 58 சதவீதம் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். எந்த இனமும் பெரும்பான்மை கிடையாது. 'மத்தியக் கிழக்குத் தோற்றம்' என்ற ஒரே சட்டை இவர்களில் பெரும்பாலோருக்குப் பொருந்தாது.

முதலில் விசாவைப் பற்றிச் சொல்கிறோம். பெயரில்லாத ஒரு நாள் பாத்திரம் என்ன கெடுதல் செய்கிறது என்பது அங்கேதான் அப்பட்டமாகத் தெரியும்.

வெளிநாட்டில் பிறந்த நடிகர், எழுத்தாளர், நகைச்சுவைக் கலைஞர் பெரும்பாலும் நம்புவது, தனித்திறன் காட்டிய கலைஞர்களுக்கான ஓ-1பி விசாவை. அதற்கு அவர் தாமே விண்ணப்பிக்க முடியாது. ஓர் அமெரிக்க நிறுவனமோ ஏஜென்டோ ஐ-129 படிவத்தில் மனு போடவேண்டும். திரைப்படம், தொலைக்காட்சி வேலை என்றால் தொழிற்சங்கத் தரப்பிலிருந்து ஒன்றும் தயாரிப்பாளர் தரப்பிலிருந்து ஒன்றுமாக இரண்டு ஆலோசனைக் கடிதங்கள் வேண்டும். மிகப்பெரிய விருது எதுவும் இல்லாதவர் ஆறு வகைச் சான்றுகளில் மூன்றையாவது காட்டவேண்டும்: மதிப்புள்ள தயாரிப்பில் முதன்மைப் பாத்திரம், பத்திரிகைகளில் விமர்சனமும் அங்கீகாரமும், பெயர்பெற்ற நிறுவனத்தில் முக்கியப் பங்கு, வணிக வெற்றி, துறை வல்லுநர்களின் பாராட்டு, உயர்ந்த ஊதியம். எல்லாம் சரியாக அமைந்தால் மூன்று ஆண்டு வரை கிடைக்கும். நீட்டிப்பு பொதுவாக ஆண்டுக்கு ஆண்டு.

இப்போது 'தீவிரவாதி 2', 'கடைக்காரர்', 'டாக்ஸி ஓட்டுநர்' என்று பதினைந்து பாத்திரம் செய்தவரின் கோப்பை இந்த ஆறோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதன்மைப் பாத்திரம் ஒன்றுமில்லை. இரண்டாவது நிமிடத்தில் சுடப்பட்டுச் சாகிறவரைப் பற்றி எந்த விமர்சகரும் எழுதமாட்டார். சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி உயர்ந்த ஊதியம் ஆகாது. படம் நன்றாக ஓடினாலும் அந்த வெற்றியில் அவருக்குப் பங்கிருப்பதாகக் காட்ட வழியில்லை. பதினைந்து வேலை செய்தும் சட்டத்தின் கண்ணில் அவர் வேலையே செய்யாதவர். வேண்டாம் என்று மறுத்தால் மனுவோடு இணைக்கவேண்டிய வேலை அட்டவணை காலியாகிறது. ஏற்றுக்கொண்டால் சான்று தேறுவதில்லை. நீங்கள் கொடுக்கிற வேலையே அவர் இங்கே தங்கும் உரிமையை அரித்துக்கொண்டிருக்கிறது.

இதோடு இன்னொரு தொல்லையும் உண்டு, சொல்லச் சின்னதுதான். ஒப்பந்தக் கடிதத்தைப் படப்பிடிப்புக்கு முந்திய இரவில் அனுப்புவது உங்கள் வழக்கம். இங்கே பிறந்த நடிகருக்கு அதனால் நட்டமில்லை. விசா மனு போடுகிறவருக்கு அந்தத் தாள் மாதக் கணக்கில் முன்னால் வேண்டும்.

அடுத்தது மொழி. திரைக்கதையில் 'அரபில் கத்துகிறார்' என்று ஒரு வரி இருக்கும். என்ன கத்துகிறார் என்று எழுதியிருக்காது. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்த வாசகத்தை ஆங்கில எழுத்தில் எழுதி நடிகர் கையில் கொடுக்கிறீர்கள். செயலி தருவது பெரும்பாலும் செய்தி வாசிக்கிற எழுத்து நடை அரபு. பாத்திரமோ கெய்ரோவின் தெருவில் நிற்கிறது. ஒரு மதுரைக்காரர் சண்டையின் நடுவே சங்கத்தமிழில் திட்டினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அது எகிப்தியர் காதில் விழும். சுவரொட்டியிலும் கடைப்பலகையிலும் இதைவிட மோசம். அரபு எழுத்து வலமிருந்து இடமாகப் போகும், சொல்லுக்குள் எழுத்துகள் ஒன்றோடொன்று சேரும். அரபு வசதி இல்லாத வடிவமைப்பு மென்பொருளில் வாசகத்தை ஒட்டினால், எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து, வரிசையும் தலைகீழாகி நிற்கும். செட் போடும் கலைப்பிரிவில் யாருக்கும் படிக்கத் தெரியாததால் அப்படியே அச்சாகி, அப்படியே ஒளிபரப்பாகிறது.

2015-இல் 'ஹோம்லேண்ட்' தொடரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பெர்லினில் போட்ட செட்டில், சிரிய அகதி முகாம் போல் தெரிவதற்காகச் சுவர்களில் அரபு வாசகம் எழுத வரவழைக்கப்பட்ட ஓவியர்கள், அந்தத் தொடரே இனவெறி பிடித்தது என்று அந்தச் சுவரிலேயே எழுதிவிட்டுப் போனார்கள். படம்பிடித்தார்கள், தொகுத்தார்கள், ஒளிபரப்பினார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை. அந்த மொழியைப் படிக்கத் தெரிந்த ஓர் ஆளைத் தொகுப்பறையில் அரை நாள் உட்கார வைத்திருந்தால் போதும். அந்த அரை நாள் சம்பளம் இன்றைக்கும் பட்ஜெட்டில் இல்லை.

'உச்சரிப்பை இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள்' என்கிறீர்கள். அது நடிகரால் செய்யக்கூடிய கட்டளையே இல்லை. எந்தப் பக்கம் அழுத்துவது? தமிழில் 'பல்' என்பதற்கும் 'பஸ்' என்பதற்கும் ஒரே எழுத்துப் போட்டு இரண்டு விதமாகச் சொல்கிறோம். 'பல்' என்பதில் வரும் அந்த முதல் ஒலி அரபில் கிடையாது. அதனால் அரபு பேசி வளர்ந்தவர் 'பார்க்கிங்' என்றால் அது 'பஸ்' என்கிற மாதிரியே தொடங்கும். பாரசீகக்காரருக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவர் 'ஸ்கூல்' என்பதை 'எஸ்கூல்' என்பார். உருதுக்காரர் ஆங்கிலச் சொற்களிலுள்ள ட ஒலியை நாக்கை மடித்துச் சொல்வார், அதை அரபுக்காரர் செய்யமாட்டார். மூன்றும் மூன்று ஊர், மூன்று பள்ளிக்கூடம், மூன்று விதமான பிள்ளைப்பருவம். ஊரைச் சொல்லாமல் 'அழுத்து' என்றால், நடிகர் மூன்றையும் குழைத்து எங்கும் இல்லாத ஒரு பேச்சைத்தான் பேசுவார். பார்க்கிறவர்கள் அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும்போது வசனகர்த்தா தன் நகைச்சுவை எடுபட்டது என்று எண்ணிக்கொள்கிறார். வசனத்தைச் சாதாரண ஆங்கிலத்தில் வாசித்துப் பாருங்கள். அப்போதும் சிரிப்பு வந்தால் அது நகைச்சுவை. வராவிட்டால் அந்த வசனத்தைத் திரும்ப எழுதவேண்டும்.

தொழுகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். முஸ்லிம் பாத்திரம் என்றாலே உங்களுக்கு அந்த ஒரு காட்சி தேவைப்படுகிறது, அதுவே தப்பும் தவறுமாக வருகிறது.

பாய் விரித்து, மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்து எடுப்பதையே திரும்பத் திரும்பக் காட்டுகிறீர்கள். தொழுகைக்கு வரிசை உண்டு. நின்று கைகளை உயர்த்தி 'அல்லாஹு அக்பர்' என்ற தக்பீர் சொல்லி ஆரம்பிக்கவேண்டும். நின்றபடி ஓதி, முழங்காலைப் பிடித்துக் குனிந்து ருகூ, மறுபடி நிமிர்ந்து நின்று, பிறகு நெற்றி தரையில் படும் சஜ்தா, சிறிது அமர்வு, இரண்டாம் சஜ்தா. இது ஒரு ரக்அத். விடியல் தொழுகையான சுபுஹுக்கு இரண்டு, நண்பகல் லுஹருக்கும் பிற்பகல் அஸருக்கும் இரவு இஷாவுக்கும் நான்கு, அந்தி மஃரிபுக்கு மூன்று. லுஹரிலும் அஸரிலும் வாய்க்குள்தான் ஓதுவார்கள். ஆகவே மதிய வேளை அலுவலகக் காட்சியில் உரக்க ஓதுவது தப்பு. கையை எங்கே கட்டுகிறார் என்பதும் பேசும். சுன்னி சட்ட மரபுகளில் ஷாஃபி வழியில் மார்புக்குக் கீழே, ஹனஃபி வழியில் தொப்புளுக்குக் கீழே, ஷியா பிரிவினர் கையைக் கட்டாமல் தொங்கவிடுவார்கள். பாத்திரத்தின் ஊரை முடிவு செய்யாமல் கையைக்கூட வைக்கமுடியாது.

இன்னொன்று ஒளிப்பதிவாளருக்கு. நியூயார்க்கிலிருந்து மக்கா வடகிழக்குத் திசையில் இருக்கிறது. அங்கே மஃரிப் தொழும்போது சூரியன் மறைந்திருக்கும், மிஞ்சிய அந்தி வெளிச்சமும் முகத்தில் விழாது, முதுகுப்பக்கம்தான் விழும். அழகுக்காக முகத்தில் பொன்னிற வெளிச்சம் போடுகிற அந்த ஒரு ஷாட்டே, இந்தச் செட்டில் தொழுகிற ஆள் ஒருவரும் இல்லை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். கையில் எட்டு நொடிதான் இருக்கிறதென்றால், முடிவில் வலப்பக்கமும் இடப்பக்கமும் முகம் திருப்பி ஸலாம் சொல்வதை எடுங்கள். சஜ்தாவை மேலிருந்து எடுப்பதைவிட ஆளின் முகம் அதில் நன்றாகத் தெரியும்.

'அல்லாஹு அக்பர்' பற்றியும் சொல்லவேண்டும். ஒவ்வொரு ரக்அத்திலும் ஐந்து தக்பீர். தொடக்கத்தில் ஒன்று. மூன்று, நான்கு ரக்அத் தொழுகைகளில் நடு அமர்விலிருந்து எழும்போது ஒன்று. கூட்டிப் பாருங்கள்: சுபுஹில் 11, லுஹரில் 22, அஸரில் 22, மஃரிபில் 17, இஷாவில் 22. கடமைத் தொழுகைகளில் மட்டும் நாளொன்றுக்கு 94 முறை. தூக்கக் கலக்கத்தோடு சொல்கிற பாட்டி, பரீட்சைக்கு ஓடும் அவசரத்தில் சொல்கிற பையன், குழந்தை முதுகில் ஏறிக் குதிக்கும்போது சொல்கிற தாய் எல்லோருடைய நாவிலும் இது இருக்கிறது. உங்கள் திரைக்கதையில் இது ஒரே ஒரு முறை வருகிறது. அடுத்த நொடியில் குண்டு வெடிக்கிறது. இந்த வசனத்தைப் பேசச்சொல்லி நடிகர் கையில் கொடுக்கும்போது என்ன கேட்கிறீர்கள் என்று தெரிந்தே கேளுங்கள்.

நோன்பு மாதத்தில் படப்பிடிப்பு பற்றி: ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும் என்பதால் எந்தப் பருவத்திலும் வரலாம். வேலை தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் சாப்பாட்டு இடைவேளை என்பது சங்க விதி. நோன்பாளிக்கு அந்த நேரத்தில் சாப்பிட முடியாது. சூரியன் மறையும் நிமிடத்தில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கால் மணி நேரமும் போதும். அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பை நடிகர் தலையில் கட்டுவது ஏன் என்றுதான் புரியவில்லை. அன்றைய அட்டவணையில் உதவி இயக்குநர் ஒரு வரி போட்டால் முடிகிற காரியம்.

இனி மேடை. நடிக்க இடம் கிடைக்காதவர் தனியாள் நகைச்சுவை சொல்ல மைக்கைப் பிடிக்கிறார். அங்கே அவருக்குத் தடையாக நிற்பது வெறுப்பு மட்டும்தான் என்று நினைக்கவேண்டாம். கணக்கும் நிற்கிறது. யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்கிற ஓப்பன் மைக் நிகழ்ச்சியில் புதியவருக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம். முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பின்னால் விளக்கு எரியும். இங்கே பிறந்த கலைஞர் மேடையேறியவுடன் நேராக விஷயத்துக்குப் போகலாம். வேற்றுப் பெயரோடு வந்தவர் முதல் அரை நிமிடத்தைத் தன் பெயருக்கும் ஊருக்கும் கொடுக்கவேண்டியிருக்கிறது. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளு செய்யும்போது பொதுக் கழிவறையில் காலைத் தூக்கி வாஷ்பேசினில் வைத்திருக்கையில் மேலதிகாரி உள்ளே வந்தார் என்ற நகைச்சுவைக்கு, ஒளு என்றால் என்ன, ஏன் காலைக் கழுவவேண்டும் என்று இருபது நொடி விளக்கம் போகும். மூன்று நிமிடத்தில் இருபது நொடி என்றால் ஒன்பதில் ஒரு பங்கு. அந்த நேரம் முழுக்க யாரும் சிரிக்கமாட்டார்கள். அதனால்தான் பலர் எல்லாருக்கும் முன்பே தெரிந்த ஒன்றுக்கு, விமான நிலையச் சோதனைக்கு, தள்ளப்படுகிறார்கள். பிறகு நீங்கள் வந்து, 'இவர்களுக்கு விமான நிலையத்தைத் தவிர வேறு பொருளே இல்லையா' என்று கேட்கிறீர்கள்.

நகைச்சுவை கிளப்புகளின் வருமானம் டிக்கெட்டோடு மேசையிலும் இருக்கிறது. ஆளுக்குக் குறைந்தது இரண்டு பானம் வாங்கவேண்டும் என்பது பல இடங்களில் விதி. குடிக்காத குடும்பங்கள் கூட்டமாக வந்து சோடாவோடு நிறுத்திக்கொண்டால் அன்றிரவு கிளப்புக்குக் கணக்கு இடிக்கும். ஆகவே முஸ்லிம் கலைஞர்கள் கல்லூரி அரங்கு, திருமண மண்டபம், பள்ளிவாசல் நிதி திரட்டும் விருந்து என்று வேறு வழி பார்த்தார்கள். 2001-க்குப் பின் அஸ்ஹர் உஸ்மானும் பிரீச்சர் மாஸும் மோ ஆமரும் ஒன்றாகச் சேர்ந்து ஊர் ஊராகப் போனதும், மத்தியக் கிழக்குப் பின்னணியுள்ள நால்வர் கூட்டாக நடத்திய நகைச்சுவைப் பயணம் 2007-இல் தொலைக்காட்சிக்கு வந்ததும் அப்படித்தான். விருந்து மண்டபத்தில் குழந்தைகள் ஓடும், பெரியவர்கள் இருப்பார்கள், கெட்ட வார்த்தைக்கு இடமில்லை. அங்கே ஒரு மணி நேரம் சிரிக்கவைக்கத் தெரிந்தவர் எந்த மேடையிலும் நிற்பார். ஆனால் உங்கள் தேர்வாளர்கள் அந்த மண்டபங்களுக்கு வருவதில்லை. கிளப்பில் பார்க்காதவரை அவர் புதுமுகம்தான்.

எழுத்துக்கு வருவோம். சொல்லவந்ததில் முக்கியமானது இதுதான். ஆசிஃப் மாண்ட்வி மும்பையில் பிறந்து, பிரிட்டனில் வளர்ந்து, பதின்ம வயதில் ஃபுளோரிடாவுக்கு வந்தவர். 1998-இல் நியூயார்க்கில் தானே எழுதி எல்லாப் பாத்திரங்களையும் தானே ஏற்று நடித்த நாடகம் நியூயார்க் நாடக உலகின் ஓபி விருது பெற்றது. நாடறிய ஒரு தொலைக்காட்சி இடம் கிடைத்தது 2006-இல். குமைல் நஞ்சியானி கராச்சியிலிருந்து 18 வயதில் ஐயோவா மாநிலத்துக் கல்லூரிக்கு வந்தவர். சிகாகோ மேடைகளில் தொடங்கி, தொலைக்காட்சியில் துணைப் பாத்திரங்கள் செய்து, 2017-இல் அவர் காதல் கதையின் நாயகனாக நின்றது மனைவியோடு சேர்ந்து அவரே எழுதிய படத்தில். அந்தத் திரைக்கதை ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. மோ ஆமர் குவைத்தில் பிறந்த பாலஸ்தீனர். வளைகுடாப் போரையொட்டி ஹூஸ்டனுக்கு வந்து, பதின்ம வயதிலேயே மேடையேறி, 2009-இல்தான் குடியுரிமை பெற்றார். அவருடைய தொடர் வந்தது 2022-இல். அதையும் உருவாக்கியதில் அவர் கை இருந்தது.

மூவரும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். நம்பிக்கையிலும் நடைமுறையிலும் ஒருவர் மாதிரி இன்னொருவர் இல்லை. ஆனால் மூவருக்கும் முழு மனிதராக நிற்கும் பாத்திரம் தாங்களே எழுதிய பக்கங்களில் கிடைத்தது. 'நடிகர், எழுத்தாளர், நகைச்சுவைக் கலைஞர்' என்று மூன்றையும் சேர்த்து அவர்களை அறிமுகம் செய்யும்போது பன்முகத் திறமை என்று பாராட்டுகிறீர்கள். திறமை உண்மைதான், மறுக்கவில்லை. கூடவே, நடிகர் என்ற ஒரு வாசல் திறக்காததால் மற்ற இரண்டையும் அவர்கள் தாங்களே உடைத்துத் திறக்கவேண்டியிருந்தது என்பதும் உண்மை. நன்றாக நடிக்கத் தெரிந்த, ஆனால் எழுத வராத ஒருவர் இந்த வழியில் வரவே முடியாது. இங்கே பிறந்த ஒரு வெள்ளை நடிகரிடம் 'முதலில் உன் கதையை நீயே எழுதிக்கொண்டு வா' என்று யாரும் கேட்பதில்லை. எழுத வராததால் வீடு திரும்பிய நடிகர்களின் பெயர் எந்த ஆய்வறிக்கையிலும் வராது. எங்களுக்கு அதுதான் பெரிய வலி.

எழுதத் தெரிந்தவருக்காவது, தொடரின் எழுத்தாளர்கள் கூடி வேலை செய்யும் எழுத்தறையில் நியாயம் கிடைக்கிறதா? 2023 எழுத்தாளர் சங்க ஒப்பந்தம் குறைந்தபட்ச எண்ணிக்கை வைத்தது: ஆறு எபிசோட் வரை மூன்று பேர், ஏழு முதல் பன்னிரண்டு வரை ஐந்து பேர், அதற்குமேல் ஆறு பேர். அந்த ஐந்தில் ஒருவராகக் கடைசிப் படியில் ஒரு முஸ்லிம் எழுத்தாளரை எடுப்பீர்கள். பல இடங்களில் அவருடைய முதல் ஆண்டுச் சம்பளம் தொடரின் பட்ஜெட்டிலிருந்து வராது, ஸ்டுடியோவின் தனித் திட்டத்திலிருந்து வரும். இரண்டாம் ஆண்டு பதவி உயர்த்தினால் தொடர்தான் கொடுக்கவேண்டும். உடனே அவரை விட்டுவிட்டு, அதே இலவச இடத்துக்கு வேறொருவரைக் கூப்பிடுகிறீர்கள். விடப்பட்டவர் அடுத்த தொடரில் மறுபடி கடைசிப் படி. இப்படி ஒரே படியில் மூன்று நான்கு முறை நின்றவர்கள் இருக்கிறார்கள். அறைக்குள்ளும் அவருக்கு இரண்டு வேலை. கதை சொல்லவேண்டும், கூடவே 'முஸ்லிம்கள் இதை ஏற்பார்களா' என்று கேட்கும்போதெல்லாம் 200 கோடிப் பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்லவேண்டும். அந்த இரண்டாவது வேலைக்குச் சம்பளம் இல்லை. காட்சி தப்பாகப் போனால் மட்டும், 'அறையில் ஒரு முஸ்லிம் இருந்தாரே' என்று பழி அவர் மேல் வரும்.

தீவிரவாதி வேண்டாம் என்றால், மதத்தை உதறுகிறவரை எழுதுகிறீர்கள். தலைத்துணியைக் கழற்றும் பெண், தகப்பனை எதிர்த்து வீட்டைவிட்டு ஓடும் பிள்ளை. அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரரோடு சண்டை போடும் பல் மருத்துவர் எங்கே? அவர் கதையில் மதம் நடுவில் நிற்கவேண்டியதில்லை. பிரிட்டிஷ் நடிகர் ரிஸ் அஹ்மத் 2017-இல் அந்நாட்டு நாடாளுமன்ற வளாகத்தில் ஆற்றிய உரையை வைத்துச் சிலர் ஐந்து கேள்விச் சோதனை ஒன்றை உருவாக்கினார்கள். பாத்திரம் பயங்கரவாதத்தோடு கட்டப்பட்டிருக்கிறதா, காரணமில்லாமல் கோபப்படுகிறதா, மூடநம்பிக்கையில் ஊறிப் பின்தங்கியதாக இருக்கிறதா, மேற்கத்திய வாழ்முறைக்கு ஆபத்தாகக் காட்டப்படுகிறதா, ஆண் என்றால் பெண்ணை ஒடுக்குகிறவராகவும் பெண் என்றால் ஒடுக்கப்படுகிறவராகவும் வருகிறதா? ஐந்தில் ஒன்றுக்கு 'ஆம்' வந்தாலும் தோல்வி. ஒரு திரைக்கதையை இதில் வைத்துப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகாது.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

காஸ்டிங் இயக்குநர்களே, பாத்திரத்தின் ஊர், வீட்டு மொழி, தொழில், இந்த நாட்டுக்கு வந்த வயது ஆகிய நான்கும் இல்லாத அறிவிப்பை வெளியே அனுப்பாதீர்கள். திரைக்கதையில் அவை இல்லையென்றால் எழுத்தாளரிடம் திருப்பி அனுப்புங்கள். 'மத்தியக் கிழக்குத் தோற்றம்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். உச்சரிப்பு தேவையென்றால் எந்த ஊர் உச்சரிப்பு என்று எழுதி, மாதிரி ஒலிப்பதிவு ஒன்றை இணையுங்கள். அதோடு, மதமோ நாடோ குறிப்பிடாத பாத்திரங்களுக்கும், மருத்துவர், வக்கீல், பக்கத்து வீட்டுக்காரர் எதுவானாலும், இந்த நடிகர்களை அழையுங்கள். விருந்து மண்டபங்களிலும் கல்லூரி அரங்குகளிலும் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு மாதம் ஒரு முறையாவது ஆள் அனுப்புங்கள்.

ஷோரன்னர்களே, ஓர் ஆண்டு அறையில் வேலை செய்து, அதே தொடர் மீண்டும் வந்தால், அந்த எழுத்தாளரை அடுத்த படிக்கு உயர்த்துங்கள். சம்பளத்தைத் தொடரின் பட்ஜெட்டிலிருந்தே கொடுங்கள். மதம், மொழி, சடங்கு பற்றிய ஆலோசனைக்குத் தனி ஆளைத் தனிச் சம்பளத்தோடு வையுங்கள். அவர் திரைக்கதை நிலையிலும் செட்டிலும் தொகுப்பறையிலும் இருக்கவேண்டும். தொகுப்பு முடிந்தபின் கேட்டால் மாற்ற ஒன்றுமிருக்காது.

தயாரிப்பாளர்களே, ஆலோசகருக்கும் மொழி சரிபார்ப்புக்கும் முதல் நாள் பட்ஜெட்டிலேயே ஒரு வரி ஒதுக்குங்கள். நோன்பு மாதத்து அட்டவணையில் சூரியன் மறையும் நேரத்தைப் போட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். துணைத்தலைப்பில் மொழியின் பெயரை எழுதுங்கள். 'எங்களிடம் ஏற்கெனவே அப்படி ஒரு தொடர் இருக்கிறது' என்று சொல்லி இரண்டாவது கதையை வாசிக்காமல் திருப்பி அனுப்பாதீர்கள்.

விசாவில் இருப்பவருக்கு ஒப்பந்தக் கடிதத்தைப் பாத்திரம் உறுதியான வாரமே கொடுங்கள். ஒரே நாள் வேலையானாலும் பாத்திரத்துக்குப் பெயர் வையுங்கள். டைட்டிலில் எண் வேண்டாம், அந்தப் பெயர் வரட்டும். நடிகரின் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளில் வரட்டும். ஒளிபரப்பான பதினைந்து நாளுக்குள் அந்த டைட்டிலின் நகலையும், அவர் என்ன பாத்திரம் செய்தார், கதையில் அதன் பங்கு என்ன என்று உங்கள் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதத்தையும் அவருக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த மனுவோடு இணைக்க அவருக்கு அது வேண்டும்.